பழைய 911 கரேரா 3.2-இல் பெட்ரோல் ஹோஸ்களை மாற்றுவது: எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது, எப்படிச் சோதிப்பது

கேள்வி இதுதான்: 1987-இல் வெளிவந்த போர்ஷ 911 கரேரா 3.2. சிங்கப்பூரில் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவான கார், ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலைக்கு வரலாம். சில வாரம் நிறுத்தி வைத்துவிட்டு எடுக்கும்போது பின்பக்கம் பெட்ரோல் வாடை அடிக்கிறது, கொஞ்ச தூரம் ஓடியதும் போய்விடுகிறது. எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தால் ஈரம் எதுவும் கண்ணில் படவில்லை. பட்டறையில், "பழைய ஹோஸை வெட்டி எடுத்துவிட்டு அதே முனையில் புது ஹோஸ் சொருகி கிளிப் போட்டு இறுக்கிவிடலாம்" என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? எந்த ஹோஸ் வாங்குவது? எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை காரை எடுக்காதீர்கள். ஓடியதும் வாடை போய்விடுகிறது என்பதை வைத்துக் கசிவு தானாக நின்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். இந்தக் கார்களில் எஞ்சின் பெட்டிக்குள் இருக்கும் அழுத்த ஹோஸ்களின் இரண்டு முனையிலும் ஓர் உலோக வளையத்தை அழுத்தி நசுக்கிப் பூட்டியிருப்பார்கள், அதுதான் கிரிம்ப். பல ஆண்டுச் சூட்டில் அந்த வளையத்துக்கு அடியில் இருக்கும் ரப்பர் இறுகிச் சுருங்கிவிடும். வண்டி ஆறிக் கிடக்கும்போது வளையத்துக்கும் ரப்பருக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி விழும். சாவியைத் திருப்பி அழுத்தம் ஏறியதும் அந்த வழியாகப் பெட்ரோல் வியர்க்கும். எஞ்சின் சூடானதும் ரப்பர் சற்று விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் ஈரத்தைக் குளிர்விப்பு விசிறி உலர்த்திவிடும். அதனால்தான் உங்களுக்கு ஈரம் தெரியவில்லை.

911-இல் இது மற்றக் கார்களைவிட மோசமான விஷயம். ரெயில்களும் (பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பகிர்ந்து கொடுக்கும் குழாய்கள்) ஹோஸ்களும் எஞ்சினுக்கு மேலே இருக்கின்றன. அங்கே சொட்டுவது சிலிண்டர்களைச் சுற்றியுள்ள தகடுகளின் சந்து வழியாக இறங்கி, எக்ஸாஸ்ட்டைச் சுற்றியிருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மீது விழும். அதோடு, குளிர்விப்பு விசிறி எஞ்சின் பெட்டிக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் சிலிண்டர்கள் மீது ஊதுகிறது, ஆல்டர்னேட்டரும் அந்த விசிறிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் சுமார் -40 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். சூடான எக்ஸாஸ்ட், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குள் அந்த ஆவி சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய 911-கள் எரிந்துபோன கதைகளில் பெட்ரோல் ஹோஸ் அடிக்கடி வருவது இதனால்தான்.

நிறுத்தி வைத்தால் ஹோஸ் தேயாது என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது அதற்கு மாறானது. பழைய நைட்ரைல் ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் பொருளைப் பெட்ரோல் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துவிடும். உள்ளே பெட்ரோல் நிறைந்திருக்கும்வரை ரப்பர் ஊறி, உப்பி, தன் குறையை மறைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் நின்று உள்ளே உலர்ந்ததும் சுருங்கி வெடிப்பு விடும். வெளியே சூடும் ஓசோனும் மேல்தோலைக் கடினமாக்கும். நம் ஊரில் வண்டி ஒருநாளும் குளிர்ந்த கொட்டகையில் கிடப்பதில்லை. ஜோகூர் பாலமான காஸ்வே வரிசையில் ஒரு மணி நேரம் நகர்ந்து நகர்ந்து நின்ற 911-இன் எஞ்சின் பெட்டியில், எஞ்சினை அணைத்த பிறகு கால் மணி நேரத்துக்குச் சூடு ஏறிக்கொண்டேதான் போகும். ஆகவே கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காதீர்கள், ஹோஸின் வயதைப் பாருங்கள். 1987-இல் தொழிற்சாலையில் பூட்டிய ஹோஸ் இன்னும் இருந்தால், வாடை வராவிட்டாலும் அது மாற்ற வேண்டிய ஹோஸ்தான்.

அதற்கு முன் ஒரு சோதனை. வாடை பின்னாலிருந்துதான் வருகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இந்தக் காரில் டேங்க் முன்னால் இருக்கிறது. ஜோகூருக்குப் போகும் சிங்கப்பூர்க் காரில் முக்கால் டேங்க் இருக்க வேண்டும் என்பதால் நிரப்பிக்கொண்டு போவீர்கள். அப்படி நிரம்பியிருக்கும்போது மட்டும் வாடை வந்து, பாதிக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிட்டால், சந்தேகம் முன்பக்கம்தான்: டேங்கின் மேலே உள்ள அளவுமானியின் சீல், பெட்ரோல் ஊற்றும் கழுத்து ஹோஸ், ஆவி போகும் மெல்லிய ஹோஸ்கள். பின்னால் வாடை என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரின் தலையில் இருக்கும் மெல்லிய வாக்குவம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரமோ கடும் வாடையோ இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஹோஸ் மட்டும் மாற்றினால் வாடை போகாது.

இனி பட்டறையின் யோசனைக்கு வருகிறேன். அழுத்தம் உள்ள ஹோஸ்களில் அதைச் செய்ய விடாதீர்கள். கிரிம்ப் செய்வதற்கென்று கடைந்த முனையின் வரிகள் ஆழம் குறைந்தவை, முழுச் சுற்றளவிலும் ஒரே சீராக நசுக்கும் வளையத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. திருகு கிளிப் எல்லாப் பக்கமும் ஒரே அளவு அழுத்தாது. திருகு இருக்கும் இடத்தில் அழுத்தம் குறையும், பட்டையில் துளை வெட்டியிருக்கும் மலிவு கிளிப் என்றால் ரப்பரை அறுக்கவும் செய்யும். இந்த எஞ்சினில் ரெகுலேட்டர் நிறுத்தி வைக்கும் அழுத்தம் 2.5 பார்தான், பெரிய அழுத்தமில்லை. அதனால் கிளிப் போட்டதும் அன்றைக்குக் கசியாது. நாலைந்து மாதம் சூடேறி ஆறி, ரப்பர் படிந்த பிறகு கசியும். அப்போது யாரும் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, இந்த மாடலுக்கென்றே கிரிம்ப் செய்து வரும் ஹோஸ்களை வாங்குவது. சேஸி எண்ணைக் கொடுத்து வாங்குங்கள், ஆண்டுக்கு ஆண்டு முனைகள் மாறியிருக்கும். ஆனால் பெட்டியில் பத்தாண்டு கிடந்த பழைய இருப்பு வந்துவிடக்கூடாது. ஹோஸ் மேல் தயாரிப்புத் தேதி அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது வழி, உங்கள் பழைய உலோக முனைகளை வைத்துக்கொண்டு புது ஹோஸ் பூட்டித் தரச் சொல்வது. பழைய வளையத்தை நீளவாக்கில் கீறி உரித்து எடுத்து, முனையைச் சுத்தம் செய்து, புது ஹோஸ், புது வளையம் வைத்து இயந்திரத்தில் அழுத்துவார்கள். நல்ல கையில் கொடுத்தால் இது அருமையான வழி, வளைவும் நீளமும் அசலைப் போலவே அமையும். நம் ஊரில் ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தித் தரும் கடைகளில் இயந்திரம் இருக்கிறது. அங்கேதான் கவனம் வேண்டும். அவர்கள் கையில் இருக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் இருநூறு பார்கூடத் தாங்கும், ஆனால் அதன் உள்ரப்பர் ஹைட்ராலிக் எண்ணெய்க்கானது. "பிரஷர் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும்" என்று அவர்கள் சொல்வது உண்மைதான். பெட்ரோல் அந்த ரப்பரை என்ன செய்யும் என்பதற்கு அது பதிலாகாது. ஹோஸை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். வளையத்தின் அளவு அந்த ஹோஸின் வெளி விட்டத்துக்குப் பொருந்த வேண்டும். முடித்ததும் அவர்கள் முன்னாலேயே 10 பார் வரை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றை வைத்து வேண்டாம், திரவத்தால் அழுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எஃகுக் கம்பி பின்னிய டெஃப்லான் ஹோஸ். டெஃப்லான் பெட்ரோலால் கெடாது, வாடையும் விடாது, வயதும் ஏறாது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. உட்குழாய் கார்பன் கலந்த, மின்சாரம் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகமாக ஓடும் பெட்ரோலில் சேரும் நிலைமின்னூட்டம் குழாயைத் துளைத்து ஊசித் துவாரம் போடும். கூர்மையாக வளைத்தால் மடிந்துவிடும், மடிந்தது மீளாது. வெளிப் பின்னல் அரம் மாதிரி, அதிர்வில் பக்கத்திலுள்ள வயரையும் அலுமினியத்தையும் அறுத்துவிடும் என்பதால் மேலுறை போட்ட வகையே எடுங்கள். கடையில் பார்ப்பதற்கு இதே மாதிரி பளபளவென்று, உள்ளே சாதா ரப்பர் வைத்த பின்னல் ஹோஸும் கிடைக்கும். அது சீக்கிரம் வாடை விடும், வெடிப்பும் பின்னலுக்குள் மறைந்திருக்கும். என்னைக் கேட்டால், அசலாக வைத்திருக்கும் காருக்கு முதல் இரண்டு வழியே போதும். பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே போகலாம்.

ஹோஸ் மேல் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். எஸ்ஏஇ ஜே30 என்பது எரிபொருள் ஹோஸ்களுக்கான அமெரிக்கத் தர அளவு. அதில் ஆர்6, ஆர்7 என்று இருந்தால் அது கார்புரேட்டர் காலத்து, குறைந்த அழுத்தத்துக்கான ஹோஸ். உங்களுக்கு வேண்டியது ஜே30 ஆர்9. அதன் உள்வரிசை ஃப்ளோரோ ரப்பர். வெட்டிய முனையைப் பார்த்தால் மெல்லிய தனி வளையமாகத் தெரியும். ஜெர்மன் ஹோஸ் என்றால் டிஐஎன் 73379, வகை 3இ என்று இருக்கும். எதுவும் எழுதாமல் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பதைத் தொடவே வேண்டாம். டேங்குக்குள் மூழ்கியிருக்கும் ஹோஸ் உள்ள கார்களுக்கு ஆர்10 என்று தனி வகை. மற்றவை வெளியிலிருந்து பெட்ரோல் படுவதற்குச் செய்யப்படவில்லை. அளவை ஊகிக்காதீர்கள். வெர்னியரால் குழாயின் வெளி விட்டத்தை அளந்து, அதே அளவோ அரை மில்லிமீட்டர் குறைவாகவோ உள்விட்டம் உள்ள ஹோஸ் எடுங்கள். 7.5 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் 8 கிடைத்தது என்று போட்டு, கிளிப்பால் இறுக்கிச் சரிக்கட்டினால் ரப்பர் ஓரிடத்தில் மடிப்பு விழும். அந்த மடிப்புத்தான் கசியும் வழி.

இதே கேள்வி 1978–83 911எஸ்சி வைத்திருப்பவர்களுக்கும் வரும் என்பதால் ஒரு வரி: அதில் கே-ஜெட்ரானிக் என்ற வேறு வகை இன்ஜெக்ஷன், அழுத்தம் சுமார் 5 பார். ஆர்9 ஹோஸின் வேலை அழுத்தம் 100 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 6.9 பார். இரண்டுக்கும் நடுவே உள்ள பாதுகாப்பு இடைவெளி மிகக் குறைவு. அங்கே அழுத்தப் பக்கத்தில் கிளிப் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்றால், ஆமாம், ஒரே வேலையாக. ஒன்று கெட்டிருந்தால் அதே நாளில் பிறந்த மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும். பாடியிலிருந்து ஃபில்டருக்கு வரும் ஹோஸ், ஃபில்டரிலிருந்து ரெயிலுக்குப் போவது, இரண்டு ரெயில்களையும் இணைப்பது, ரெகுலேட்டரிலிருந்து டேங்குக்குத் திரும்புவது, இவை பின்பக்கம். திரும்பும் ஹோஸில் அழுத்தம் குறைவு என்று மலிவானதைப் போடுவார்கள். அதில் ஓடுவது எஞ்சினைச் சுற்றிச் சூடான பெட்ரோல், அதற்கும் ஆர்9-தான். முன்பக்கம், டேங்கிலிருந்து பம்புக்கு வரும் பெரிய ஹோஸ், பம்பிலிருந்து நீண்ட குழாய்க்குப் போவது. டேங்க்–பம்ப் ஹோஸ் வெடித்தால் கசிவதோடு, பம்ப் காற்றையும் சேர்த்து இழுத்து முனகும். இவற்றோடு ஃபில்டர், ஆறு இன்ஜெக்டருக்கும் மேலும் கீழுமாகப் பன்னிரண்டு ஓ-ரிங், சீல் வளையங்கள், ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸ் எல்லாம் புதியவை வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நடுச் சுரங்கத்துக்குள் ஓடும் நீண்ட குழாய்களை வெளியே எடுக்க வேண்டியதில்லை, இரண்டு முனையிலும் துருவும் உரசலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே செய்வது என்பது சிங்கப்பூரில் பெரிய கேள்வி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பல மாடி கார் நிறுத்துமிடத்திலோ நிலத்தடி நிறுத்துமிடத்திலோ கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். தரைவீட்டுப் போர்ச்சில் செய்வதென்றால் வாசலில் விளக்கு, ஊதுபத்தி, தண்ணீர் சூடாக்கும் கேஸ் ஹீட்டர் எதுவும் எரியக்கூடாது. சீனர்களின் ஏழாம் மாதத்தில் அக்கம்பக்கத்தில் காகிதம் எரிக்கும் மாலை வேளைகளைத் தவிருங்கள். புழுக்கத்துக்கு மேசை விசிறியை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதன் சுவிட்சில் தெறிக்கும் பொறி போதும். விசிறி வேண்டுமென்றால் உங்களுக்குப் பின்னால், ஆவி வராத தூரத்தில் இருக்கட்டும். எல்இடி விளக்கு மட்டும், சூடேறும் பல்பு வேண்டாம். கைக்கெட்டும் இடத்தில் உலர்பொடித் தீயணைப்பான், கையில் நைட்ரைல் உறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. இவ்வளவுக்கும் வசதியில்லை என்றால் சின் மிங், காக்கி புக்கிட், உபி பக்கம் பழைய ஐரோப்பியக் கார் பார்க்கும் பட்டறையில் கொடுத்து, மேலே சொன்ன ஹோஸை நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள்.

டேங்கில் கால்வாசிக்கும் கீழே இருக்கும்போது தொடங்குங்கள். முன்பக்கம் தொடுவதென்றால் முழுக்க வடித்துவிடுவதே நல்லது. 85 லிட்டர் டேங்க் பம்புக்கு மேலே இருக்கிறது, ஹோஸைக் கழற்றிய கணமே கொட்டும். பெட்ரோலுக்கென்றே செய்த கேனில் பிடியுங்கள், குடிதண்ணீர்ப் போத்தலில் வேண்டாம்.

அழுத்தத்தை இறக்குவதில் ஒரு தவறான பழக்கம் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது டிஎம்இ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) ரிலேயைப் பிடுங்கினால் இன்ஜெக்டர்களும் இக்னிஷனும் அதே நொடியில் நின்றுவிடும், ரெயிலில் அழுத்தம் அப்படியே இருக்கும். பம்பின் ஃபியூஸை மட்டும் எடுத்துவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். ரெயிலில் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக அணையும். பிறகு எஞ்சின் முழுக்க ஆறட்டும், பல மணி நேரம் ஆகும், காலையில் தொடங்குவது நல்லது. அதன்பின் முன் டிக்கியின் இடது மூலையில் இருக்கும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். அப்படியும் முதல் இணைப்பைத் தளர்த்தும்போது துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பீறிடும்.

கழற்றும் முன் ஒவ்வொரு ஹோஸையும் படம் எடுத்து, நாடா ஒட்டி எண் போடுங்கள். போவதையும் திரும்புவதையும் மாற்றிப் பூட்டினால் எஞ்சின் ஓடாது, பம்ப் திணறும். ஃபில்டரின் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் ஏர்ஃப்ளோ மீட்டரையும் எடுத்துவிட்டால் கை நுழையும். ஆனால் தீச்சுவர் பக்கம் மறைந்திருக்கும் இணைப்புகளுக்கு அது போதாது. எஞ்சினின் பின் தாங்கியைத் தளர்த்தி, கீழே ஜாக் கொடுத்துச் சில சென்டிமீட்டர் இறக்கினால் வேலை பாதியாகக் குறையும். அப்போது ஆக்சலரேட்டர் இணைப்பு, வயர்கள், காற்றுக் குழாய்கள் இழுபடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள். கிளட்ச் வேலைக்காக எஞ்சினை இறக்கும் திட்டம் இருந்தால், இந்த ஹோஸ்களை அன்றைக்கே மாற்றாமல் விடுவது பெரிய இழப்பு.

எந்த நட்டையும் ஒற்றை ஸ்பேனரால் திருகாதீர்கள். ஒரு ஸ்பேனர் ரெயிலின் அறுகோணத்தையோ ஃபில்டரின் கழுத்தையோ அசையாமல் பிடிக்க வேண்டும், இன்னொன்று ஹோஸ் நட்டைத் திருப்ப வேண்டும். முப்பது ஆண்டுக்கு மேல் இறுகிய நட்டை ஒரு கையால் இழுத்தால் ரெயிலின் குழாய் முறுக்கிக்கொள்ளும், பிறகு ரெயிலையே தேட வேண்டிவரும். குழாய் நட்டுக்கான, ஒரு பக்கம் திறந்த ரிங் ஸ்பேனர் பயன்படுத்துங்கள், மூலை மழுங்காது. முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் அடித்து வையுங்கள். தீ வைத்துச் சூடாக்குவது என்ற யோசனையே கூடாது.

முன்பக்கம் கிளிப் போட்ட ஹோஸை உருவ வராது. நேராகக் கத்தியை இறக்கி நீளவாக்கில் அறுத்தால், கத்தி முனை உலோகத்தில் ஒரு கீறல் போடும். அந்தக் கீறல் குழாயின் நீளத்தில் ஓடும் ஒரு சிறு வாய்க்கால். எவ்வளவு நல்ல ஹோஸ் போட்டாலும் அதன் வழியே கசிந்துகொண்டே இருக்கும். கத்தியைப் படுக்கவைத்து, ரப்பரைச் சீவுவதுபோல் மேலிருந்து மெலிதாக எடுத்து, கடைசி அடுக்கைக் கையால் கிழித்து உரியுங்கள். பின் நகத்தை முனைமேல் சுற்றி ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் மிக மெல்லிய உப்புத்தாளால் குறுக்காக, சுற்றளவு திசையில் தேய்த்து எடுக்கலாம். ஆழமாக இருந்தால் அந்தப் பகுதியை மாற்றத்தான் வேண்டும்.

புது ஹோஸை வெட்டும்போது ரம்பம் வேண்டாம், கூரிய கத்தியால் ஒரே வெட்டு. வெட்டியதும் உள்ளே காற்று ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஃபில்டருக்குப் பிறகு வரும் ஹோஸில் இது உயிர்நாடியான வேலை. அங்கே விழுந்த ரப்பர்த் துகளுக்கு இன்ஜெக்டரின் வாயில் இருக்கும் சின்னஞ்சிறு வலையைத் தவிர வேறு தடுப்பு கிடையாது. ஹோஸ் மாற்றிய பிறகு ஒரு சிலிண்டர் தடுமாறுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் இதுவாகவோ கிள்ளுப்பட்ட ஓ-ரிங்காகவோ இருக்கும். ஓ-ரிங்கை எஞ்சின் ஆயில் ஒரு துளி தடவி, திருகாமல் நேராக அழுத்தி இறக்குங்கள். சிலிகான் பசை எங்குமே வேண்டாம், பெட்ரோலில் ஊறி உப்பித் துண்டு துண்டாகப் போய் அடைக்கும்.

கிளிப் போடும் இடங்களில், ஹோஸ் முனையின் புடைப்பைத் தாண்டி முழுதும் ஏறியிருக்க வேண்டும். கிளிப் புடைப்புக்குப் பின்னால், ஹோஸின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே. பட்டையின் ஓரம் மடக்கிய, துளையில்லாத இன்ஜெக்ஷன் கிளிப் எடுங்கள். பட்டையின் இரு ஓரத்திலும் ரப்பர் லேசாக எழும்பியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்குவது உள்வரிசையை நசுக்குவதில்தான் முடியும்.

பூட்டிய ஹோஸ் முறுக்கில் நிற்கக்கூடாது. மேலே அச்சிட்ட வரி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். வரி சுற்றிக்கொண்டு போனால் தளர்த்தி நேராக்கி மறுபடி இறுக்குங்கள். முறுக்கில் நிற்கும் ஹோஸ் சூடேறும்போது தன்னை அவிழ்த்துக்கொள்ளப் பார்த்து நட்டையே தளர்த்தும். தகட்டு விளிம்பில் உரசும் இடம் இருந்தால் ரப்பர் வைத்த பிடி போட்டு விலக்குங்கள். எஞ்சின் ரப்பர் தாங்கிமேல் ஆடும், பாடி ஆடாது. இரண்டுக்கும் நடுவே போகும் ஹோஸில் கொஞ்சம் தொய்வு விட வேண்டும்.

இப்போது சோதனை. எஞ்சினை முடுக்கிப் பார்த்து "கசியவில்லை" என்று சொல்வது சோதனையாகாது, விசிறி ஓடினால் கசிவு உலர்ந்துவிடும். எஞ்சின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓட வேண்டும். இருக்கைக்கு அடியில் டிஎம்இ பெட்டிக்கு அருகிலிருக்கும் ரிலேயை எடுத்துவிட்டு, அதன் சாக்கெட்டில் 30, 87பி என்று எண் போட்ட முனைகளை ஃபியூஸும் சுவிட்சும் வைத்த தடித்த வயரால் இணைத்தால் பம்ப் ஓடும். ரெயிலின் சோதனை முனையில் பிரஷர் மீட்டரைப் பூட்டுங்கள். முன்பு எடுத்த பம்ப் ஃபியூஸைத் திரும்பப் போட்டு, பேட்டரியைச் சேர்த்து, சுவிட்சை இரண்டு நொடி மட்டும் போட்டு அணையுங்கள், ஒருவர் எஞ்சின் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பெரிய கசிவு என்றால் இதிலேயே தெரிந்துவிடும். இல்லையென்றால் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். மீட்டர் 2.5 பார் பக்கம் நிற்க வேண்டும். வெள்ளை டிஷ்யூத் தாளை மடித்து ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒற்றி எடுங்கள், பார்வைக்கு எட்டாத இடத்தில் சிறு கண்ணாடியை நீட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் தாளில் தெரியும். பம்பை அணைத்து அரை மணி நேரம் விட்டு மறுபடி ஒற்றுங்கள். அணைத்ததும் அழுத்தம் மெல்ல இறங்கலாம். ஆனால் சடாரென்று பூச்சியத்துக்கு விழுந்து, வெளியே ஈரமும் இல்லை என்றால், பம்பின் தடுப்பு வால்வு, ரெகுலேட்டர், சொட்டும் இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். அது வேறு வேலை.

தேறியதும் ரிலேயைப் பூட்டி எஞ்சினை ஓட்டுங்கள். ஐடிலில் அழுத்தம் 2 பார் அளவுக்கு இறங்கி நிற்கும், ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸைக் கழற்றினால் 2.5-க்கு ஏறும். ஏறாவிட்டால் வாக்குவம் ஹோஸையோ ரெகுலேட்டரையோ பாருங்கள். இருபது நிமிடம் சூடேற்றி அணைத்து, மூடியைச் சாத்தி, கால் மணி நேரம் கழித்துத் திறந்து மறுபடி ஒவ்வொரு இணைப்பையும் தாளால் ஒற்றுங்கள். எஞ்சின் பெட்டியில் சூடு உச்சத்தில் இருக்கும் நேரம் அது. முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஆறியதும் கிளிப் போட்ட இடங்களை மட்டும் ஒருமுறை கால் திருப்பு இறுக்க வேண்டியிருக்கும். கிரிம்ப் நட்டுகளைச் சும்மா சும்மா இறுக்க வேண்டாம். முன்பக்கத்தைச் சோதிக்க டேங்கை முழுக்க நிரப்பி ஓர் இரவு நிறுத்தி, காலையில் முன் டிக்கியைத் திறந்து முகருங்கள். கார் வழக்கமாகச் சில வாரம் நிற்பது என்பதால், அப்படி நிறுத்தி எடுக்கும் முதல் முறையும் எஞ்சினை முடுக்கும் முன் பம்பை மட்டும் ஓட்டித் தாளால் ஒற்றிப் பாருங்கள். உங்கள் பழைய கசிவு தலைகாட்டியது அந்த நேரத்தில்தான்.

வடித்த பெட்ரோலையும் ஊறிய துணிகளையும் வடிகாலிலோ குப்பைக் குழாயிலோ போடாதீர்கள், பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். கழற்றிய ஹோஸ்களில் ஒன்றிரண்டை மட்டும் உலர்த்தி நீளவாக்கில் பிளந்து உள்ளே பாருங்கள். உட்சுவர் குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, மடக்கினால் நொறுங்குகிறது என்றால், காரில் மிச்சமிருக்கும் அதே வயது ரப்பரையும், முக்கியமாக பிரேக் ஹோஸ்களையும் ஆயில் கூலர் ஹோஸ்களையும், அடுத்த சோதனைத் தேதி வரும்வரை காத்திருக்காமல் பார்த்துவிடுங்கள்.